குழலுக்குள் ஒரு வளையம்

ஸ்குவிரல் ஃபோர்க், கென்டக்கி
ஜூன் 3

அன்புள்ள டென்சில் அண்ணாவுக்கு, ரீவா எழுதுவது.

முதலில் என்னை மன்னித்துவிடு. துப்பாக்கியைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாய். இந்த இரண்டு வருடமாக அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன். நாயைப் பற்றி எழுதினேன், மழையைப் பற்றி எழுதினேன், என் பட்டமளிப்பில் அம்மா கைதட்டிக் கைதட்டித் தொப்பியைக் கீழே விட்டதைப் பற்றி எழுதினேன். இன்று மட்டும் மீறுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே. இது நல்ல செய்திதான். உறை கனமாக இருப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

அங்கே சால்மன் வரத் தொடங்கிவிட்டதா? படகில் போகாத நாளில் மீன் வெட்டும் மேசையில் மாலைக்குள் விரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து அம்மா கம்பளிக் கையுறை பின்னுகிறாள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்திருக்கிறது. கேட்டால், நனைந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்கிறாள். தோட்டத்தில் அவரை கொடி ஏறிவிட்டது. எனக்கு ஊர்த் தண்ணீர் அலுவலகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. தினமும் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதிக்கிறேன். "அத்தனை வருஷம் படிச்சிட்டு தண்ணியப் பாக்குற வேலையா? நான் கிணத்த எட்டிப் பாத்தே சொல்லிருப்பேனே" என்று அப்பா கேலி செய்கிறார். ஆனால் கடைக்குப் போனால், என் மகள் கையெழுத்துப் போடாமல் இந்த ஊரில் ஒருவர் தண்ணீர் குடிக்க முடியாது என்று சொல்கிறாராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ செய்த முதல் துப்பாக்கி அந்த அக்டோபர் சுடும் போட்டியில் அப்பாவின் கையில் வெடித்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழல் முன்பக்கம் கிழிந்து, மேப்பிள் கட்டை சிதறி, சிலாம்பு அவருடைய இடது கையில் ஏறியது. கிழிசல் எங்கே போயிருந்தது என்று நீதான் முதலில் பார்த்தாய். குழலைக் கட்டையோடு பிணைக்க அடிப்பக்கம் நீ அரத்தால் ராவிய பள்ளம் இருக்கிறதே, முன்னால் இருப்பது, அதன் வழியாகத்தான் போயிருந்தது. "ஆழமா வெட்டிட்டேன், நான்தான் ஆழமா வெட்டிட்டேன்" என்று நீ சொல்லிக்கொண்டே நின்றாய். மருந்தும் குண்டும் ஒழுங்காகத்தான் கெட்டித்தேன் என்று அப்பா சொன்னார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா அந்தத் துப்பாக்கியைத் தார்ப்பாயில் சுற்றி, இறைச்சிக்குப் புகை போடும் புகைவீட்டுப் பரணில் போட்டுவிட்டார். அவர் கைத்தையல் பிரிக்கும் முன்பே நீ அலாஸ்காவுக்குப் போய்விட்டாய்.

இப்போது மே மாதப் போட்டியைச் சொல்கிறேன். நீ போனபிறகு அப்பா சுட வந்தது இதுதான் முதல் தடவை. இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. ஆனாலும் துப்பாக்கியைத் தாங்க அது போதும் என்றார். தன்னுடைய பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். நான் பின்னால் தூரநோக்கியோடு உட்கார்ந்திருந்தேன். குண்டு எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடிக்கும்.

முதல் மூன்று சூடும் நன்றாக இருந்தன. நான்காவதற்குக் குழலில் மருந்து கொட்டினார். எண்ணெய்த் துணி வைத்து, அதன்மேல் குண்டு வைத்து, கட்டைக்கோல் என்கிற அந்தக் குட்டைக் கோலால் ஒரு தட்டு தட்டி ஒரு சாண் உள்ளே இறக்கினார். அடுத்து நீளக் கெட்டிக்கோலை உருவி, குண்டு மருந்தின்மேல் போய் உட்காரும்வரை கெட்டிக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து மேசையிலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர் வெர்லின் கேட்டார்: "என்ன ஆர்பின், பையன் கடுதாசி போட்டானா?"

மருந்து கொட்டியவனிடம் பேச்சுக் கொடுக்காதே என்று மைதானத்துப் பலகையில் முழ எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவரே வெர்லின்தான். ஆனால் உன்னைப் பற்றிக் கேட்டால் அப்பா திரும்பாமல் இருப்பாரா? திரும்பினார். "தங்கச்சிக்குப் போடுறான். எனக்கு எதுக்குப் போடுறான்?" என்றார். அப்புறம் மீனைப் பற்றி, குளிரைப் பற்றி, நீ எனக்குப் போட்ட கடிதங்களில் அவர் திருட்டுத்தனமாகப் படித்ததையெல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே துப்பாக்கியைத் தூக்கினார். பொறி விழும் கிண்ணியில் பற்றுமருந்து போட்டு மூடினார். தோளில் வைத்தார்.

கெட்டிக்கோல் குழலுக்கு அடியில் தன் இடத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு முறையும் கெட்டித்து முடித்ததும் கோலைத் தொடையில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பாரே, அந்தத் துடைப்பும் இல்லை.

அண்ணா, கல்லூரியில் வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கை மட்டும் தூக்குகிறவள் நான். அன்றைக்குக் கத்தினேன். "அப்பா! கோலு! கோலு!" என்று கத்தினேன். மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மொத்த வரிசையும் நின்றுவிட்டது. மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓப்பல் அக்கா உடனே விசில் ஊதி எல்லாரையும் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னாள்.

அப்பாவுக்குக் கோபம். "கெட்டிச்சாச்சு. நான் என்ன நேத்துப் பொறந்தவனா?" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது. அந்த அக்டோபரில் ரத்தத்தோடு நின்று சொன்ன அதே குரல்.

ஓப்பல் அக்கா விடவில்லை. "நீ நேத்துப் பொறக்கல, எனக்குத் தெரியும். கிண்ணி மருந்தக் கொட்டிட்டுக் கோலப் போட்டுக் காட்டு. கெட்டிச்சிருந்தா நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன், எல்லாருக்கும் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டாறேன்" என்றாள்.

அவர் கிண்ணியைத் தட்டிக் கொட்டிவிட்டு, கோலை உருவிக் குழலின் வாயில் விட்டார். ஒரு சாண் இறங்கியது. டொக் என்று நின்றது. மீதிக் கோல் முழுக்க வெளியே, கொடிக்கம்பம் மாதிரி.

அப்பா அந்தக் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மருந்து கீழே, குண்டு மேலே, நடுவில் வெறும் காற்று. அப்படிச் சுட்டால் குண்டு நிற்கிற இடத்தில் குழல் தாங்காது. ஓப்பல் அக்கா என் தோளை அழுத்தி, "இவ்ளோ பெரிய சத்தத்த இத்தன வருஷமா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றாள். அப்புறம் வெர்லின் பக்கம் திரும்பி, "பலகைய எழுதின மகராசா, அடுத்த போட்டிக்கு அத்தன பேருக்கும் பீன்ஸும் சோள ரொட்டியும் உன் செலவு. உன் சமையல் வேணாம், உன் பொண்டாட்டி சமையல்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. குண்டைக் கடைசிவரை கெட்டித்து, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுக் குழலைக் காலி செய்தார். மீதிச் சூடுகளுக்கு நிற்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் புகைவீட்டுக்குப் போனார். ஏணி வைத்துப் பரணில் ஏறினார். அந்தத் தார்ப்பாய்க் கட்டோடு இறங்கி வந்து, அதைச் சமையலறை மேசையில் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்தார். அம்மா தோலை ஓரமாக ஒதுக்கினாள். "பிரிக்கப் போறியா, இல்ல மறுபடி வேற எடத்துல ஒளிக்கப் போறியா?" என்று கேட்டாள். "ரெண்டு வருஷமா ஒரு தட்டு கம்மியா வெக்கிறேன். அதுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

அவர் பிரிக்கவில்லை. வெர்லினுக்குப் போன் செய்தார். அரம், ரம்பம் எல்லாவற்றோடும் வரச் சொன்னார்.

உடைந்த கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்ததும் வெர்லின் கட்டைவிரலை அதன்மேல் ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கிழிசலுக்குச் சற்றுப் பின்னால், குழலைச் சுற்றி முழுக்க, மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு. துருவுக்கு அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் வாகாகப் பிடித்துக் குழலை நீளவாக்கில் அறுத்தார். உள்ளே அந்த இடத்தில் இரும்பு நாலாபக்கமும் ஒரே சீராக வெளியே தள்ளி, பள்ளமான வளையமாக இருந்தது. நீ ராவிய பள்ளம் ஆழமானதால் கிழிந்திருந்தால் இப்படிச் சுற்றி வளையம் விழாது, ஒரு பக்கம்தான் போயிருக்கும் என்றார். நீ ராவிய பள்ளத்துக்குக் கீழே மிஞ்சியிருந்த இரும்பையும் அளந்தார். இருக்க வேண்டிய தடிமன் இருந்தது. அதற்கு மேலேயும் கொஞ்சம் இருந்தது. வெடித்த குழல் கிழிய வழி தேடியிருக்கிறது, பக்கத்தில் உன் பள்ளம் இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா தன் பையிலிருந்து அந்தக் கட்டைக்கோலை எடுத்தார். அறுத்த குழலின் வாயோடு சேர்த்து வைத்தார். அதன் நுனி சரியாக வளையத்தில் போய் நின்றது; அன்றைக்கும் குண்டு அதற்குமேல் இறங்கவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கையைப் பார்த்தேன். மடங்காத அந்த இரண்டு விரலால் நீ ராவிய பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "பய வேல சுத்தமா இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "எவ்ளோ சுத்தமா ராவியிருக்கான் பாரு" என்றார்.

வெர்லினுக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்ததாம். "ரத்தம் கொட்டிக்கிட்டு நிக்கிறவன்கிட்டப் போயி, கெட்டிச்சியாடான்னு கேக்க எனக்கு மனசு வரல. அப்புறம் நீ துப்பாக்கியவே யார் கண்ணுலயும் காட்டல" என்றார். அப்பா தலையாட்டினார். பரணில் போட்டதே அதற்காகத்தான் என்று அப்போது சொன்னார், அண்ணா. நிச்சயமாகத் தெரியாதாம். கெட்டித்ததாகத்தான் ஞாபகமாம். ஆனால் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அந்த ஞாபகம் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வந்ததாம். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று பார்க்காமல் இருந்தாராம்.

இதை உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. எனக்கும் வந்தது. அன்று இரவு அவருக்கு நான் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. அவர் தானாகப் போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். நான் பார்த்து அவர் தட்டுக் கழுவியது அதுதான் முதல் தடவை.

ஆனால் வெர்லின் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். அதற்கப்புறம் என்னால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. அக்டோபரில் அப்பாவின் பக்கத்து மேசையிலும் அவர்தானே இருந்தார். "அன்னைக்கு நான் வாயே தொறக்கல தெரியுமா? உங்கப்பன்தான் மூடவே இல்ல. குழல்ல மருந்தக் கொட்டிட்டு, துப்பாக்கியத் திருப்பித் திருப்பிக் காட்டுறான். இந்தக் கட்டையப் பாரு, என் மகன் செதுக்குனது. இந்தப் பித்தளையப் பாரு, என் மகன் வார்த்தது. வரிசைல இருந்த ஒருத்தனயும் விடல. பெரும பேசுனதுல கோல மறந்துட்டான் மடையன்" என்றார்.

இதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன் என்று நினைக்கிறேன். உன் அரம் தவறு செய்யவில்லை. உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால்தான் அது நடந்தது. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி வீடே மூச்சு விடுகிறது. அம்மா சமைக்கும்போது பாடுகிறாள். எப்போதும்போல இரண்டாவது வரியில் சுருதி போய்விடுகிறது.

இன்னொன்று. நீ பாதியில் விட்டுப் போன இரண்டாவது துப்பாக்கியின் கட்டை பட்டறையில் அப்படியே பிடிப்பானில் இருந்தது. போன வாரம் அப்பா அதன் தூசியைத் துடைத்தார். தேய்த்து வழவழப்பாக்கி, இரும்பு கரைத்த திராவகத்தைப் பூசலாம், வந்து விளக்கைப் பிடி என்றார். நெடி தாங்காமல் அம்மா ஜன்னல் வழியாகத் திட்டினாள். பூசியதும் அந்த அழகான மேப்பிள் குட்டைப் பாசி மாதிரி பச்சையாகிவிட்டது. உன் வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "இரு, கழுத, இன்னும் சூடு காட்டலல்ல" என்றார் அப்பா. காய்ச்சிய இரும்பை மரத்தில் படாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். அது போன வழியெல்லாம் பச்சை விலகி, தேன் நிறமும் செம்பழுப்புமாக வந்தது. கட்டைக்குள் இருக்கும் வரிகள் புலிவரி மாதிரி எழுந்து வந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சோடா உப்புக் கரைத்துத் துடைத்து, எண்ணெய் தேய்த்து மாட்டியிருக்கிறார். குழலும் வந்து காத்திருக்கிறது. ஆனால் அதில் அரம் போட மாட்டேன் என்கிறார். பள்ளங்களை யார் வெட்டுவது என்று கேட்டேன். "அத வெட்டத் தெரிஞ்சவன் வெட்டட்டும்" என்றார்.

இனிமேல் எழுதப்போவதை எழுதக் கூடாது என்று அப்பா எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார். முதல் வரியில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். இதற்கு அவரிடமும் கேட்க வேண்டியிருக்கும்.

அப்பா உன்னைப் பார்க்க அங்கே வருகிறார்.

போனில் சொல்லுங்கள் என்று நானும் அம்மாவும் எவ்வளவோ சொன்னோம். "போன்ல சொல்ற சமாச்சாரமா இது? அவன் கையில குடுத்து, அவன் தொட்டுப் பாக்கணும்" என்கிறார். வளையம் உள்ள அந்தக் குழல் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். துப்பாக்கிக் குழலைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறப் போனால் அவர்கள் உங்களைக் கூட்டிப்போகிற இடம் அலாஸ்காவாக இருக்காது என்று சொல்லி, விமானத்தில் தனியே ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் காலுறைகளுக்கு நடுவில் வைக்கச் சம்மதிக்க வைத்தேன். லெக்சிங்டனைத் தாண்டாத மனிதர், அண்ணா. மூன்று விமானம் மாற வேண்டும். எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

உனக்குச் சொன்னால் அன்றைக்கென்று பார்த்து நீ படகேறிக் கடலுக்குப் போய்விடுவாய் என்று பயப்படுகிறார். உன் விடுதி விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, தானே கண்டுபிடித்து வந்து கதவைத் தட்டுவதாகத் திட்டம். யாரிடமும் வழி கேட்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும். அந்தக் குளிரில் பெட்டியோடு நடந்தே சுற்றுவார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மதிய விமானம். அன்றைக்குக் கடலுக்குப் போகாதே. கோடியாக் விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் கதவுக்குப் பக்கத்தில் போய் நில். நான் எழுதினேன் என்று சொல்லாதே. தற்செயலாக வந்தவன் மாதிரி நில். அங்கே யாரும் தற்செயலாக வந்து நிற்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்க மாட்டார். மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்ல வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. பெட்டியை இடது கையில்தான் தூக்கிக்கொண்டு வருவார், அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை என்று உனக்குக் காட்ட. அதை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள், அண்ணா.

அங்கே உன்னைக் காக்கிற கடவுள் அவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
ரீவா